லெட்சுமியின் பத்து விரல்கள்

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சேகரின் வாடகைக் கார் என் தங்கை லெட்சுமியின் வீட்டு வாசலில் நின்றபோது, அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கார் விளக்கின் வெளிச்சத்துக்கு வந்ததும் கைகளைத் திடீரென்று எங்கள் முன்னால் நீட்டினாள்.

பத்து விரல் நுனிக்கும் தொப்பி போட்ட மாதிரி மருதாணி. உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம். நன்றாகச் சிவந்து, சிவப்பையும் தாண்டிக் கறுப்பாகவே மாறியிருந்தது.

“எப்படிண்ணே? நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்டு சரசு அரைச்சு வச்சு விட்டா. கிராம்பெல்லாம் போட்டு.”

“அத்தே, விசாவுக்குப் போறீங்களா, கல்யாணத்துக்குப் போறீங்களா?” என்றார் சேகர்.

“வெள்ளக்காரன் மொத மொதல்ல நம்ம கையத்தானே பாக்கப் போறான்லா. மொட்டக் கையாவா நீட்டுறது?”

நானும் சிரித்தேன். “பிரமாதமா இருக்கு” என்றேன். காரில் ஏறினோம். ரந்தாவிலிருந்து செரம்பான் ரயில் நிலையம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நேரத்தில் வாடகை இருபத்தைந்து வெள்ளி. ரிங்கிட்டை இங்கே நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். சாலையின் இருபுறமும் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டம் இருட்டாகவே இருந்தது. லெட்சுமி அந்த இருட்டைப் பார்த்து, “இந்நேரத்துக்கு நான் அங்கதான் நின்னுருப்பேன், நெத்தியில விளக்கக் கட்டிக்கிட்டு” என்றாள். அது செம்பனை வருவதற்கு முன்னால், ரப்பர் பால்மரம் இருந்த காலம். இருபது வருடம் மரம் வெட்டினாள்; வெட்டுவது என்றால் பாலுக்காகப் பட்டையைக் கீறுவது. அதன்பிறகு செம்பனைக்கடியில் புல் பிடுங்கினாள். உதிரிப் பழம் பொறுக்கினாள். இப்போது அவளுக்கு அறுபத்தாறு வயது. கணவர் இல்லை. ஒரே மகள் கவிதா கனடாவில் இருக்கிறாள்.

எதற்காகப் போகிறோம் என்பதையும், அதில் என் பங்கு என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் கவிதா முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது அம்மாவைப் பிரசவத்துக்குக் கூப்பிட்டாள். குடும்பத்தில் படித்தவன் நான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவன். விண்ணப்பத்தை நானே எழுதினேன். யாரும் கேட்காத ஒரு கடிதத்தையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிச் சேர்த்தேன். ‘இந்தத் தாய்க்கு இனி இங்கே எதுவும் மிச்சமில்லை, அவள் உலகமெல்லாம் அந்தத் தொட்டிலில்தான் இருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி, செரம்பான் லோபாக்கில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு வாசித்துக் காட்டிப் பாராட்டும் வாங்கினேன். விசா மறுக்கப்பட்டது. வருகையாளர் திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்று காரணம் சொன்னார்கள். இங்கே எதுவும் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த பிறகு அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? கவிதா அம்மா பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெற்றாள். நானோ, அந்த நாட்டுக்காரர்கள் யாருக்குமே விசா தருவதில்லை என்று லெட்சுமியிடம் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் உண்மையைக் கவிதாதான் அவளிடம் சொன்னாள். லெட்சுமி என்னைத் திட்டவில்லை. அந்தத் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். “வேணாம்னு சொன்ன வீட்டுக்கு மறுபடி போக மாட்டேன்” என்று அதன்பிறகு விண்ணப்பமும் போடவில்லை.

இப்போது கவிதா இரண்டாவது பிள்ளைக்கு நான்கு மாதம். முதல் பிரசவம் கஷ்டமாக இருந்தது. “இந்த வாட்டி நீ வந்தே ஆகணும்மா” என்று அழுதாள். லெட்சுமியின் வீம்பு கரைந்தது. விண்ணப்பத்தைக் கவிதாவே இணையத்தில் போட்டாள். என்னைப் பேனாவைத் தொட விடவில்லை. இப்போதெல்லாம் நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் நேரில் வந்து பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். அழைப்பு வந்த முப்பது நாளுக்குள், அதுதான் தவணை. அதற்கு லெட்சுமியைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது மட்டுமே என் வேலை.

செரம்பானில் கொமுட்டர் என்னும் புறநகர் ரயில் ஏறினோம். மூத்தவர்களுக்குப் பாதிக் கட்டணம். தலைக்கு நான்கு வெள்ளி முப்பத்தைந்து காசு. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. “நீ அங்க வர முடியாதுல்ல? அப்ப நான் அங்க போயி நிம்மதியா ஒக்காரட்டா?” என்று கேட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தீரோய், லாபு, நீலாய் என்று ஊர்கள் போயின. பாங்கியில் நின்றிருந்தவர்கள் எங்களை நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். வேலைக்குப் போகும் ஒரு தமிழ்ப் பெண் லெட்சுமியின் கையைப் பார்த்து, “ஆன்ட்டி, சூப்பரா செவந்துருக்கு” என்றாள். “மாமியாருக்குப் புடிச்சவளுக்குத்தான் செவக்கும்னு சொல்லுவாங்க. எனக்கு மாமியாரும் இல்ல, புருஷனும் இல்ல. வெறும் மருதாணியோட கொணந்தான்” என்றாள் லெட்சுமி. பெட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து விசா மையத்துக்கு வாடகைக் காரில் பன்னிரண்டு வெள்ளி. கண்ணாடிக் கட்டடம். பையைச் சோதித்தார்கள், கைத்தொலைபேசியை அணைக்கச் சொன்னார்கள், எண் சீட்டு கொடுத்தார்கள். ஒன்பதேகாலுக்கு எங்கள் எண் வந்தது. முகப்பு மேசையில் முக்காடு போட்ட ஓர் இளம்பெண் இருந்தாள். லெட்சுமி பத்து விரலையும் பெருமையோடு கண்ணாடித் தட்டின் மேல் வைக்கப் போனாள்.

“அலாமாக்!” என்றாள் அந்தப் பெண். “ஆன்ட்டி, இனாய்!”

அலாமாக் என்றால் ஐயையோ; இனாய் என்றால் மலாயில் மருதாணி. முதலில் அவள் முகத்தில் இருந்தது ஆசை. உடனே அது மாறி இரக்கமாயிற்று. எழுந்து போய் மேலாளரைக் கூட்டி வந்தாள். அவர் மரியாதையாகவே பேசினார். விரல் நுனியில் மருதாணி இருந்தால் ரேகை எடுக்கக் கூடாது; எடுத்தாலும் கனடாவில் தள்ளிவிடுவார்கள். அறிவிப்பிலேயே போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா?

படித்தேன். கையில் எதுவும் இருக்கக் கூடாது என்று நான்கு நாளுக்கு முன்பே படித்தேன். படித்துவிட்டு லெட்சுமியிடம் மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். நல்ல காரியத்துக்குப் போகிறவள் மருதாணி வைத்துக்கொள்வது எனக்கு அவ்வளவு இயல்பாகப் பட்டது. அதைக் கையில் இருக்கும் ஒரு பொருளாக நான் நினைக்கவே இல்லை. இரண்டாவது முறையும் நான்தான்.

அந்தப் பெண் லெட்சுமியின் விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். மருதாணி போனாலும் கஷ்டம்தான், ரேகை ரொம்பத் தேய்ந்திருக்கிறது, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள்.

“கெபுன்” என்றாள் லெட்சுமி. தோட்டம்.

அவள் குவாலா பிலாக்காரியாம், எங்கள் நெகிரி மாநிலம்தான். அவள் அம்மாவும் பால்மரம் வெட்டியவராம். அதனாலோ என்னவோ, கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்து, தவணை முடிவதற்கு இரண்டு நாளுக்கு முன்னால் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள். பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவரை கைக்கு எந்த வேலையும் கூடாது, சவர்க்காரம் படக் கூடாது, தினமும் எண்ணெய் தடவ வேண்டும், முக்கியமாகத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் மருதாணியோடு மிச்சம் இருக்கும் ரேகையும் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

வெளியே வந்ததும் லெட்சுமி அழுவாள் என்று பயந்தேன். அவள் கட்டடத்தின் வாசலில் நின்று தன் கையையே பார்த்தாள். பிறகு, “பசிக்குதுண்ணே” என்றாள்.

“சாப்பிடத் தோணுதா உனக்கு?”

“வெரல்தானே வேணாம்னாங்க? வாய வேணாம்னு சொல்லலியே.”

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. ஆளுக்குப் பதின்மூன்று வெள்ளி. பொரித்த மீனுக்குத் தனியாக எட்டு. லெட்சுமி சிவந்த விரல்களால் ரசம் வரை பிசைந்து சாப்பிட்டாள். பரிமாறியவர், “என்னம்மா, வீட்ல விசேஷமா?” என்றார். “ஆமாய்யா, மகளுக்குப் பிரசவம், கனடாவுல. எனக்குத்தான் டிக்கெட் இன்னும் கிடைக்கல” என்றாள். அவர் பாயசம் இரண்டு தரம் ஊற்றினார். அப்புறம் மோனோரயில் பார்த்ததில்லை என்றாள். ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல் காத்திருந்து திரும்பி வந்தோம். நகரத்தைக் கூரைகளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டே, “பரவால்லண்ணே, மொதத் தடவையே குடுத்திருந்தா இதெல்லாம் பாத்திருக்க மாட்டேன்” என்றாள். அவள் மனம் அப்படி.

சாயங்காலம் ரந்தாவுக்கு வந்து செய்தி சொன்னதும் சரசு தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, என் கையால கெடுத்துட்டேனே!” பிறகு மருதாணி வைத்த கையே அதை எடுக்கவும் கிளம்பிற்று. எலுமிச்சம் பழம் கொண்டுவந்தாள். அடுத்த வீட்டு வரிசையிலிருந்து ஒருத்தி தவிட்டோடு வந்தாள். இன்னொருத்தி பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையே எடுத்து வந்துவிட்டாள்.

“தேய்க்கக் கூடாது!” என்று கத்தினேன். வகுப்பறையில்கூட அப்படிக் கத்தியதில்லை. “தொடவே கூடாது. பன்னிரண்டு நாள் அவள் கை எந்த வேலையும் செய்யக் கூடாது.”

“அப்ப யாரு சமைப்பா? யாரு துணி தொவைப்பா? கோழி இருக்கே” என்றாள் சரசு. “நான் வந்து செய்றேன் சார்.”

“வேண்டாம். நான் செய்கிறேன்.”

லெட்சுமி தொடங்கி எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

என் வீடு இரண்டு வரிசை தள்ளி. மனைவி இறந்து ஆறு வருடமாகக் கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறவன். மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். லெட்சுமி கைகளில் தேங்காயெண்ணெய் பூசி, வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டாள்.

“மண்டோர் வேல பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச. இப்பத்தான் கெடச்சுது” என்றாள். தோட்டத்துக் கங்காணியைத்தான் மண்டோர் என்போம். “டேய் கூலி, வெங்காயத்த இன்னும் பொடிசா வெட்டு.”

“அண்ணனை டேய் என்கிறாயா?”

“மண்டோருக்கு ஏது அண்ணன்?”

துணி துவைத்தேன். அவள் சேலையைப் பிழியத் தெரியாமல் பாதித் தண்ணீரோடு கொடியில் போட்டதில் கொடியே அறுந்து விழுந்தது. கோழிக் கூண்டைக் கழுவினேன். மீன் கழுவும்போது முள் குத்திற்று. மூன்றாம் நாள் மாலை, நான் என்றோ பாடம் நடத்திய ஒருவன், இப்போது லாரி ஓட்டுகிறான், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலியோரம் நின்று நான் சட்டி கழுவுவதை வேடிக்கை பார்த்தான். “சார், இம்போசிஷனா?” என்றான். “ஆமாம்” என்றேன். உண்மையும் அதுதான்.

அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது. அவளோடு தினமும் உட்கார்ந்து சாப்பிட்டு நாற்பது வருடம் ஆகியிருக்கும். வேலை இல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. கை தானாகத் துடைப்பத்தை எடுக்கப் போகும்; நான் அதட்டுவேன்; நாக்கைக் கடித்துக்கொண்டு உட்காருவாள். சாயங்காலமானால் அண்டை அயலில் இருப்பவர்கள் வந்து அவள் விரலைப் பார்த்து, “கொஞ்சம் வெளுத்துருக்கு”, “எங்க வெளுத்துருக்கு, உன் கண்ணுதான் வெளுத்துருக்கு” என்று சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். பத்தாம் நாள் சிவப்பு ஆரஞ்சாயிற்று. பதினொன்றாம் நாள் தோலில் ஒரு மஞ்சள் நிழல் மட்டும். நகத்தில் அப்படியே நின்றது. நகம் பரவாயில்லை என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அதே கார், அதே ரயில். இந்த முறை லெட்சுமி பேசவில்லை. கைகளில் பருத்திக் கையுறை. கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றும் முடியாவிட்டால் தவணை போய்விடும். முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டும், பிரசவத்துக்குள் நடக்காது. அது இருவருக்கும் தெரியும்.

அதே பெண்தான் முகப்பில் இருந்தாள். லெட்சுமியை அடையாளம் கண்டு சிரித்தாள். இடது கை நான்கு விரல். பச்சை விளக்கு எரிந்தது. வலது கை நான்கு விரல். சிவப்பு. ஈரத் தாளால் துடைத்துவிட்டு மறுபடி. சிவப்பு. அது பால்மரத்தில் கத்தி பிடித்த கை. லெட்சுமி கையைத் திருப்பி ஒரு முறை பார்த்தாள். குற்றவாளியைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அந்தப் பெண் எழுந்து, முகப்பைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். தன் உள்ளங்கையை லெட்சுமியின் விரல்கள் மேல் வைத்து, “சிக்கிட் லாகி, ஆன்ட்டி, சிக்கிட் லாகி” என்று மெல்ல அழுத்தினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

பச்சை.

பெருவிரல் இரண்டும் ஒரே தடவையில் விழுந்தன. பக்கத்து முகப்பில் காத்திருந்த ஒரு சீனப் பெரியவர், விஷயம் என்னவென்றே தெரியாமல், தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். லெட்சுமி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில், நீலாய் தாண்டியதும், எட்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். “லெட்சுமி, முதல் பிள்ளைக்கு நீ போக முடியாமல் போனது என்னால்தான். மேதாவித்தனத்தில் எழுதிவிட்டேன். பிறகு உன்னிடம் பொய்யும் சொன்னேன். மன்னித்துவிடு.”

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்புதாண்ணே” என்றாள். “அந்தப் புள்ள பொறந்தப்ப நான் இல்ல. அது இனிமே வராது. நீ என்ன செஞ்சாலும் வராது.” கையுறையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “ஆனா அதுக்காக நீ வச்ச ரசத்தையும் நான் பன்னெண்டு நாளு குடிச்சேன் பாரு, அது ரொம்ப அநியாயம்” என்றாள். எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

ஐந்து வாரத்தில் விசா வந்தது. கடப்பிதழில் ஒட்டியிருந்த அந்தத் தாளை அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கிளம்பினாள். ரந்தாவிலிருந்து சிப்பாங் விமான நிலையம் காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. சேகர்தான் ஓட்டினார். சுக்கு, பூண்டு, பிரசவ மருந்து, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்ந்து பெட்டி அரைக் கிலோ கூடிவிட்டது. ஒரு சேலையை எடுத்து, கட்டியிருந்த சேலைக்கு மேல் சால்வையாகப் போர்த்திக்கொண்டாள். “குளிரு ஊருக்குத்தானே போறேன்” என்றாள். உள்ளே போகும் வாசலில், “கோழிக்குத் தவிட்ட நனைச்சுப் போடு, காஞ்சதா போடாத” என்பதுதான் என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது. திரும்பிப் பார்க்காமல் போனாள். ஊருக்கு வரும் வழியில் சேகர், “சார், நீங்களும் போயிருக்கலாமே” என்றார். போக வேண்டியவள் போனாளே, அது போதும் என்று எனக்கு இருந்தது.

பெண் பிள்ளை பிறந்தது. அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து, இங்கே காலை எட்டு மணி, அங்கே முந்தின நாள் மாலை, கவிதா காணொளியில் கூப்பிட்டாள். குளியலறை. வெள்ளைத் தொட்டிக்குப் பக்கத்தில், தரையில் துண்டு விரித்து, லெட்சுமி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீட்டிய கால்களின் மேல் குழந்தை குப்புறக் கிடந்தது. முதுகில் எண்ணெய் மின்னிற்று. அவள் இடது கை அதன் நெஞ்சைத் தாங்கியிருந்தது. வலது கையால் வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றி, முதுகை நீவி விட்டாள். குழந்தை அழவில்லை.

கவிதாவின் மூத்த பையன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கும் இப்படித்தான் செஞ்சீங்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். கவிதா அதை அம்மாவிடம் தமிழில் சொன்னாள்.

லெட்சுமியின் கை ஒரு கணம் நின்றது. “இல்லப்பா. ஒனக்கு நான் வரல” என்றாள். பிறகு தண்ணீர் மொண்டபடியே, “அதனால என்னா? இப்பக் குளிப்பாட்டுறேன் வா. சட்டையக் கழட்டு.”

பையன் அலறிக்கொண்டு ஓடினான். கவிதா தொலைபேசியைத் தொட்டி ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு அவனைத் துரத்தினாள். ஓட்டமும் சிரிப்பும் தண்ணீரும் கேட்டுக்கொண்டே இருந்தன. நான் இருப்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.